படத்தின் பின்பக்கம்

"நீங்க என்ன வேலை பார்க்கறீங்க?" என்று வேங்கிக்காலில் யாராவது கேட்டால் எனக்குக் கொஞ்சம் தடுமாற்றம்தான். கலெக்டர் ஆபீஸ் இருக்கிற ஊர் இது. அரசு வேலை, பத்திரம் எழுதுவது, ஜெராக்ஸ் கடை என்று எல்லா வேலையையும் இங்கே ஒரு வார்த்தையில் சொல்லிவிடலாம். "ஓவியர்களைப் பற்றி ஆராய்ச்சி பண்றேன், எழுதறேன், அவங்களுக்கு வேண்டிய உதவியும் செய்யறேன்" என்று நான் சொன்னால் அடுத்த கேள்வி கட்டாயம் வரும்: "அப்போ நீங்க வரைவீங்களா?" வரைய மாட்டேன் என்றதும் பேச்சு மழைக்கோ பௌர்ணமிக் கூட்டத்துக்கோ போய்விடும்.

பக்கத்துத் தெருப் பெண் ஒருத்தி கும்பகோணம் அரசு கவின் கலைக் கல்லூரியில் படிக்கிறாள். லீவுக்கு வந்தவள் வேறு மாதிரி கேட்டாள். "அண்ணா, வரையாம, வரையறவங்களோட வேலை செஞ்சே பிழைக்க முடியுமா?" அன்றைக்கு அவளிடம் அரைகுறையாகச் சொன்னேன். முழுசாகச் சொல்ல வேண்டியதை இங்கே எழுதி வைக்கிறேன். இதில் நான் செய்த ஒரு தப்பும் வரும்.

மலையடியில் ஒரு ஓவியர்

எங்கள் ஊர்ப் பக்கத்திலிருந்தே தொடங்கலாம். வீட்டுப் பூஜை அறைகளிலும் பலசரக்குக் கடைக் கல்லாக்களுக்கு மேலும் மாட்டியிருக்கிற லட்சுமி, சரஸ்வதி, முருகன் படங்களை நினைத்துப் பாருங்கள். அந்த முகம், அந்த நகை, பின்னால் தெரியும் அந்தத் தாமரைக் குளம். தமிழ்நாட்டுக் கண்ணுக்கு அந்த உருவங்களைப் பழக்கிவிட்டவர்களில் முக்கியமானவர் சி. கொண்டையராஜு. 1898-இல் பிறந்தவர். சென்னை ஓவியப் பள்ளியில் படித்தார். அதன் பிறகு எல்லாவற்றையும் விட்டுவிட்டுத் திருவண்ணாமலைக்கு வந்து ரமணாசிரமத்தில் சில காலம் இருந்தார். பிறகு மறுபடியும் ஓவியத்துக்கே திரும்பி, நாடகக் கம்பெனிகளுக்குத் திரைச்சீலை எழுதும் வேலையில் சேர்ந்தார். அந்தச் சுற்றலில் 1940-களில் கோவில்பட்டிக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டார். அவரும் அவருடைய மாணவர்களும் வரைந்த படங்கள் சிவகாசி அச்சகங்களில் காலண்டர்களாகவும் கண்ணாடி போட்டு மாட்டும் படங்களாகவும் அச்சாகி லட்சக்கணக்கான வீடுகளுக்குப் போயின. 1976-இல் காலமானார்.

இத்தனை வீடுகளில் தொங்கிய படங்களை வரைந்தவரைப் பற்றி ஆராய்ச்சி என்ற அளவில் எழுதியவர் யார்? ஸ்டீபன் இங்லிஸ் என்ற கனடா நாட்டு மானுடவியலாளர். அவருடைய விரிவான கட்டுரை 1995-இல், ஓவியர் இறந்து ஏறக்குறைய 20 வருஷம் கழித்து, அமெரிக்காவில் ஒரு தொகுப்பு நூலில் வந்தது. அவர் செய்யாமல் இருந்திருந்தால் நமக்குத் தெரிந்திருப்பது இன்னும் குறைவாக இருந்திருக்கும். ஆனாலும் உள்ளூரில் இருந்த நாம் அந்த வேலையை ஏன் அப்போதே செய்யவில்லை என்று கேட்காமல் இருக்க முடியவில்லை. பதில் எளிது. "காலண்டர் படம்தானே" என்று நினைத்தோம். எது கலை, எது சும்மா படம் என்று முன்னாடியே பிரித்து வைத்துவிட்டால், 'சும்மா படம்' பக்கத்தில் இருப்பதை யாரும் எடுத்து வைக்க மாட்டார்கள். பிறகு தேடும்போது அச்சுப் பிரதிதான் மிஞ்சியிருக்கும். கையால் வரைந்த மூலப் படம் எங்கே போனது, அதில் குருவின் கை எது, மாணவரின் கை எது என்பதைக் கண்டுபிடிப்பது பெரும்பாடு.

இந்த வேலையின் முதல் பகுதி அதுதான். ஆள் உயிரோடு இருக்கும்போதே போய்க் கேட்பது.

தம்பி மனைவி செய்த வேலை

கலைஞருக்குத் துணை நிற்பது என்றால் என்ன என்று யாராவது கேட்டால் நான் சொல்கிற உதாரணம் யோஹன்னா வான்கோ. ஓவியர் வின்சென்ட் வான்கோ 1890-இல் இறந்தார். அவருக்குப் பணம் அனுப்பித் தாங்கிக்கொண்டிருந்த தம்பி தியோ ஆறு மாதத்தில், 1891 ஜனவரியில், போய்விட்டார். தியோவின் மனைவி யோஹன்னாவுக்கு அப்போது 28 வயது. கையில் ஒரு குழந்தை. வீடு நிறைய யாரும் வாங்காத ஓவியங்கள், ஒரு குவியல் கடிதங்கள்.

அவர் என்ன செய்தார் என்று பாருங்கள். படங்களை மொத்தமாகத் தள்ளிவிடவில்லை. எதை விற்பது, எதைக் கண்காட்சிக்கு மட்டும் கொடுப்பது என்று யோசித்து யோசித்துச் செய்தார். விற்றதைக் கணக்குப் புத்தகத்தில் எழுதி வைத்தார். தேதி போடாத கடிதங்களை வரிசைப்படுத்தி 1914-இல் புத்தகமாகக் கொண்டுவந்தார். 1924-இல் லண்டன் நேஷனல் கேலரிக்கு ஒரு சூரியகாந்தி ஓவியத்தைப் பிரிய மனமில்லாமல் பிரிந்து கொடுத்தார், வின்சென்ட்டின் பெயருக்கு அந்த இடம் தேவை என்பதால். அடுத்த வருஷம் இறந்தார்.

பட்டியல் போடுவது, பாதுகாப்பது, எழுதுவது, சரியான இடத்தில் கொண்டுபோய்ச் சேர்ப்பது. இன்றைக்கு ஆவணக் காப்பாளர், பதிப்பாசிரியர், கண்காட்சி அமைப்பாளர் என்று தனித்தனிப் பெயர் வைத்துச் செய்கிற வேலைகளை அவர் ஒருத்தராகச் செய்தார். 'மேதை தானாகவே வெளியே தெரிந்துவிடும்' என்று நாம் சொல்லிக்கொள்வதில் பாதிகூட உண்மை இல்லை.

பாத்திக் துணியில் நின்ற கிராமம்

நம் ஊர்க் கதை சோழமண்டலம். கே.சி.எஸ். பணிக்கர் 1957 முதல் 1967 வரை சென்னை ஓவியக் கல்லூரியின் முதல்வராக இருந்தார். அவர் பார்த்தது ஒரே ஒரு பிரச்சினையை. மாணவர்கள் நன்றாக வரைகிறார்கள். படிப்பு முடிந்ததும் சோற்றுக்காக ஏதோ ஒரு வேலைக்குப் போகிறார்கள், அதோடு ஓவியம் நின்றுவிடுகிறது. ஓவியத்தையே விற்றுப் பிழைக்கலாம் என்றால் வாங்குகிறவர் விருப்பத்துக்கு வரைய வேண்டியிருக்கிறது.

அதற்கு அவரும் மாணவர்களும் சேர்ந்து கண்ட வழி கைவினை. மெழுகு பூசிச் சாயம் ஏற்றும் பாத்திக் துணி, தோல் வேலை, உலோக வேலை இப்படிச் செய்து விற்றார்கள். அந்த வருமானத்தைச் சேர்த்து 1966-இல் சென்னைக்குத் தெற்கே ஈஞ்சம்பாக்கத்தில், கடற்கரை மணலில், ஏறக்குறைய 10 ஏக்கர் வாங்கிச் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை உண்டாக்கினார்கள். பகலில் சில மணி நேரம் கைவினை, மிச்ச நேரம் ஓவியம். கைவினை சோறு போடும், ஓவியம் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை.

இதில் நான் கவனிக்கச் சொல்வது பணிக்கர் யாரிடமும் நன்கொடை கேட்டுத் தொடங்கவில்லை என்பதை. கலைஞருக்கு ஆதரவு என்றால் பணம் கொடுப்பது என்றுதான் நாம் நினைக்கிறோம். வேலை செய்ய நேரமும், இடமும், பேச நாலு பேரும் கிடைக்கிற மாதிரி ஓர் ஏற்பாட்டை உண்டாக்குவதுதான் நிலைக்கிறது.

ஆனால் ஏற்பாடு எல்லோரையும் காப்பாற்றிவிடாது. அதே சோழமண்டலத்தில் இருந்தவர் கே. ராமானுஜம். கறுப்பு மையில் கனவு நகரங்களை வரைந்தவர். 1973-இல், முப்பது வயது கடந்த கொஞ்ச நாளில், தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார். சி. மோகன் 'விந்தைக் கலைஞனின் உருவச் சித்திரம்' நாவலை எழுதியது அவரை வைத்துத்தான். அந்தக் கதையைப் படித்த பிறகு, ஓவியரைப் பார்க்கப் போகும்போது படத்தைப் பற்றி மட்டும் விசாரித்துவிட்டு வருவதை நான் விட்டுவிட்டேன். சாப்பிட்டாரா, தூங்குகிறாரா, மருந்து வாங்கினாரா என்பதும் என் வேலையில் சேர்ந்ததுதான்.

எழுதுவது என்றால் என்ன எழுதுவது

பணிக்கர் 1961-லேயே 'ஆர்ட்ரெண்ட்ஸ்' என்ற ஆங்கில இதழைத் தொடங்கினார். படம் வரைந்தால் மட்டும் போதாது, அதைப் பற்றிப் பேசும் மொழியும் வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அந்த மொழியைச் சென்னை ஓவியர்களுக்கு உண்டாக்கிக் கொடுத்தவர்களில் ஜோசப் ஜேம்ஸ் முக்கியமானவர். அவர் கல்லூரியில் சொல்லிக்கொடுத்தது பொருளாதாரம். ஓவியர்களோடும் சிற்பிகளோடும் வருஷக்கணக்கில் பழகி எழுதினார். தற்கால இந்தியச் சிற்பம் பற்றிய அவருடைய நூல் 1993-இலும், சோழமண்டலம் பற்றிய நூல் 2004-இலும் வந்தன. இன்றைக்குச் சென்னை ஓவிய இயக்கம் பற்றி யார் எழுதினாலும் அவரைத் தாண்டிப் போக முடியாது.

தமிழில் இந்த உறவு வேறு வழியில் நடந்தது. ஆதிமூலம் 1960-களிலிருந்து சிறுபத்திரிகைக்காரர்களோடு கலந்து பழகினார். காந்தி நூற்றாண்டான 1969-இல் அவர் வரைந்த காந்தி கோட்டோவியங்கள் பேசப்பட்டன. புத்தக அட்டைகள், தலைப்பு எழுத்துகள் என்று அவர் கை பட்டவை ஏராளம். கி. ராஜநாராயணனின் 'கரிசல் காட்டுக் கடுதாசி' ஜூனியர் விகடனில் வந்தபோது அவருடைய கோடுகள் கூடவே வந்தன. கேலரிப் படியே ஏறாத வாசகர்கள் நவீன ஓவியத்தை வார இதழில் பார்த்தார்கள். எழுத்தாளர்கள் ஓவியரைத் தாங்கினார்கள், ஓவியர் எழுத்துக்கு முகம் கொடுத்தார்.

புதிதாக எழுத வருகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். முதலில் விவரியுங்கள். "ஆன்மாவைத் தொடுகிற படைப்பு" என்று எழுதினால் வாசகருக்கு ஒன்றும் தெரியாது. எத்தனை அடி அகலம், எண்ணெய் வண்ணமா, அக்ரிலிக்கா, வண்ணம் கெட்டியாக இருக்கிறதா, துணி தெரிகிறதா, எந்த மூலையில் கண் முதலில் நிற்கிறது என்று எழுதுங்கள். அப்படி எழுதிய பத்தி, படமே அழிந்துபோனாலும் நிற்கும்.

சட்டம் தெரிந்தால் பாதி உதவி

என்னிடம் வருகிற ஓவியர்கள் அதிகம் கேட்பது அழகியல் பற்றி இல்லை, உரிமை பற்றித்தான். சுருக்கமாகச் சொல்கிறேன்.

படத்தை விற்றால் அந்தப் படம்தான் கைமாறுகிறது. காப்புரிமை, எழுத்தில் எழுதிக் கொடுக்காத வரை, ஓவியரிடமே இருக்கும். வாங்கியவர் வீட்டில் மாட்டிக்கொள்ளலாம். அதை வாழ்த்து அட்டையாக அச்சடித்து விற்க வேண்டுமென்றால் ஓவியரைக் கேட்க வேண்டும். ஆனால் வேலைக்குச் சேர்ந்து சம்பளத்துக்கு வரைந்தது, ஒருவர் காசு கொடுத்துத் தன் உருவப்படத்தை வரையச் சொன்னது போன்றவற்றில் விதி மாறும். வேறு ஒப்பந்தம் இல்லையென்றால் உரிமை எதிர்ப் பக்கம் போய்விடும். அதனால் அரைப் பக்கமாவது எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போடுவது நல்லது.

இந்தியாவில் காப்புரிமை ஓவியர் வாழ்நாள் முழுக்கவும், இறந்த பிறகு 60 வருஷமும் இருக்கும். 1957 காப்புரிமைச் சட்டத்தில் 53ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது. மூல ஓவியம் மறுவிற்பனையில் 10,000 ரூபாய்க்கு மேல் போனால், முதல் உரிமையாளரான ஓவியருக்கோ வாரிசுக்கோ அதில் பங்கு கேட்கும் உரிமை உண்டு. பங்கு 10 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. நான் பேசிய ஓவியர்களில் முக்கால்வாசிப் பேர் இதைக் கேள்விப்பட்டதே இல்லை. கேள்விப்பட்டாலும், அது தன் படம்தான், இந்த வருஷம் இன்னாருக்கு விற்றேன் என்று காட்ட ஒரு தாள் வேண்டுமே. அந்தத் தாள் இல்லாமல் உரிமை ஏட்டில்தான் இருக்கும்.

நான் திருப்பிப் பார்க்காத படங்கள்

இனி என் தப்பு.

திருவண்ணாமலையில் கடை போர்டு எழுதிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் இருந்தார். லாட்ஜ் போர்டு, லாரியின் பின்பக்கம், தேர்தல் சுவர் எல்லாம் எழுதியவர். ஃப்ளெக்ஸ் வந்ததும் அந்த வேலை போய்விட்டது. ஆனால் அவர் வீட்டில் வேறு ஒன்று இருந்தது. பல வருஷமாக மலையை வரைந்துகொண்டே இருந்திருக்கிறார். ஹார்ட்போர்டிலும், ஒட்டுப்பலகையிலும், மிச்சமான போர்டு பெயின்ட்டில். வேங்கிக்கால் ஏரிப் பக்கமிருந்து தெரியும் மலை. மழையில், வெயிலில், தீபத்தன்று.

"இத போட்டோ புடிச்சு இன்னா பண்ணப் போற தம்பி?" என்றார்.

"பட்டியல் போடலாம்ங்கய்யா. எங்கியாச்சும் காட்டலாம்."

"காட்டு, காட்டு. டீ குடிச்சிட்டுப் புடி."

ஒரு மத்தியானம் முழுக்க உட்கார்ந்து 41 படங்களைச் செல்போனில் எடுத்தேன். பெருமையாக இருந்தது. கிளம்பும்போது சுவரில் சாய்த்திருந்த ஒரு படம் சரிந்து கவிழ்ந்தது. பின்பக்கத்தில் பென்சிலில் எழுதியிருந்தார்: ஏரி கோடி போன நாள், காலையில. அவ்வளவுதான். சிரித்துக்கொண்டே தூக்கி நிமிர்த்தி வைத்தேன். மற்ற நாற்பதைத் திருப்பிப் பார்க்க எனக்குத் தோன்றவே இல்லை.

அடுத்த முறை வந்து அளவெல்லாம் எடுக்கலாம் என்று நினைத்தேன். ஒன்றரை வருஷம் ஓடிவிட்டது. அவர் இறந்த சேதி எனக்குத் தாமதமாகத்தான் வந்தது. வீட்டை மாற்றும்போது படங்களைப் பாலிதீனில் சுற்றிக் கட்டி ஒரு தகரக் கொட்டகையில் வைத்திருக்கிறார்கள். நல்ல எண்ணத்தில்தான் செய்தார்கள். பாலிதீன் ஈரத்தை உள்ளேயே பிடித்து வைத்துக்கொள்ளும். மழைக்காலம் முடிந்து பிரித்தபோது பூஞ்சையும் கரையானும் போக ஐந்தோ ஆறோதான் தேறியது.

அவருடைய மகள் என்னிடம் வந்தார். "அப்பா பின்னாடி என்னமோ எழுதுவாருங்க. உங்ககிட்ட இருக்கும்னு நெனச்சேன்" என்றார். என்னிடம் 41 முன்பக்கங்கள் இருந்தன. அளவு இல்லை, வருஷம் இல்லை, பின்பக்கம் இல்லை. அந்த மனிதர் ஒவ்வொரு படத்துக்கும் ஒரு நாளை எழுதி வைத்திருக்கலாம். அப்படியானால் அது மலையின் நாட்குறிப்பு. அதில் ஒரே ஒரு பக்கம்தான் எனக்குத் தெரியும்.

அன்றிலிருந்து என் முறை இது. யார் வீட்டுக்குப் போனாலும் இதே வரிசைதான். உங்களுக்கும் உதவும்.

1. ஒவ்வொரு படத்துக்கும் ஓர் எண். சின்னச் சீட்டில் எழுதி, படத்தின் பக்கத்தில் வைத்து ஒரு போட்டோ, சீட்டு இல்லாமல் ஒரு போட்டோ.

2. உடனே திருப்பி, பின்பக்கம் ஒரு போட்டோ. எழுத்து, முத்திரை, பழைய கண்காட்சிச் சீட்டு, சட்டம் போட்ட கடையின் லேபிள் எல்லாமே சாட்சி.

3. உயரம் முதலில், அகலம் அடுத்து, சென்டிமீட்டரில். சட்டத்தைச் சேர்த்தா, சேர்க்காமலா என்று குறிப்பு.

4. எதில், எதன் மேல் வரைந்தது. தெரியாவிட்டால் ஓவியரைக் கேளுங்கள், ஊகிக்க வேண்டாம்.

5. வருஷம். அவருக்கு நினைவில்லையென்றால் "பெரிய பொண்ணு கல்யாணத்துக்கு முன்னாடியா, பின்னாடியா?" என்று கேளுங்கள். வருஷம் தானாக வரும்.

6. நேர் வெயிலும் ஃப்ளாஷும் வேண்டாம். திண்ணை நிழல் போதும்.

7. பேச்சைப் பதிவு செய்யுங்கள், அனுமதி கேட்டு. எதை வெளியே சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது என்பதையும் கேட்டு எழுதுங்கள்.

8. பட்டியலில் ஒரு பிரதி அவர் வீட்டில் இருக்க வேண்டும். அது உங்கள் சொத்து இல்லை.

வைப்பதற்கு: ஈரமான சுவரில் நேராகச் சாய்க்க வேண்டாம். தரையிலிருந்து நாலு விரற்கடை உயரத்தில் கட்டை போட்டு வையுங்கள். பாலிதீனுக்குப் பதில் பழைய பருத்தி வேட்டி. காகிதப் படங்களுக்கு ராமபாணப் பூச்சிதான் எமன், மாதம் ஒரு முறை எடுத்துப் பார்த்தாலே பாதி பிழைக்கும்.

பிழைக்க முடியுமா?

அந்தப் பெண்ணின் கேள்விக்கு வருகிறேன். தமிழில் கலை பற்றி எழுதுவதை மட்டும் வைத்து வீட்டு வாடகை கொடுக்க முடியாது. ஜோசப் ஜேம்ஸுக்கே கல்லூரிச் சம்பளம் இருந்தது. என்னுடைய வருமானம் மொழிபெயர்ப்பு, பதிப்பு வேலை, கண்காட்சிக் கையேட்டுக் கட்டுரை, எப்போதாவது ஆவணப்படுத்தும் வேலை என்று துண்டு துண்டாக வருகிறது. சில மாதம் வராது.

படிக்க வேண்டுமென்றால் கலை வரலாற்றுக்கு பரோடா பல்கலைக்கழகம், டெல்லி ஜே.என்.யு., பெண்களுக்குச் சென்னை ஸ்டெல்லா மாரிஸ் கல்லூரி இருக்கின்றன. ஆராய்ச்சிக்கு நல்கை வேண்டுமென்றால் பெங்களூரில் இந்தியா ஃபவுண்டேஷன் ஃபார் தி ஆர்ட்ஸ் என்ற அமைப்பு இருக்கிறது. 1993-இல் தொடங்கியது. அங்கே ஆங்கிலம்தான் என்று இல்லை, தமிழிலேயே விண்ணப்பம் எழுதலாம். விண்ணப்பத்தில் பெரிய வார்த்தைகளைப் போடுவதைவிட, யாரைப் பார்க்கப் போகிறீர்கள், எத்தனை நாள், பஸ்ஸுக்கு எவ்வளவு, முடிவில் கையில் என்ன இருக்கும் என்று எழுதினால் படிக்கிறவருக்குப் புரியும்.

எதற்குச் செய்ய வேண்டும் என்று கேட்டால் என்னிடம் இருப்பது அந்த மகளின் முகம்தான். மிஞ்சிய ஆறு படங்களை இப்போது அவர் வீட்டில் வைத்திருக்கிறார். போன வாரம் போய் ஒவ்வொன்றாகத் திருப்பினோம். மூன்றின் பின்பக்கம் பூஞ்சையில் ஒன்றும் தெரியவில்லை. ஒன்றில் ஒன்றுமே எழுதவில்லை. ஒன்றில் கடைப் பெயின்ட் கணக்கு, எத்தனை டப்பா, யார் பாக்கி என்று. கடைசிப் படத்தில் இரண்டு வார்த்தை: மலை தெரியல. முன்பக்கம் திருப்பினால் வெறும் சாம்பல் நிறம், கீழே ஏரிக்கரை ஒரு கோடு.

நான் எடுத்த போட்டோக்களில் இந்தப் படம் 23. முழுசாகாத படம் என்று அன்றைக்குக் குறித்து வைத்திருந்தேன். இப்போது அடித்துவிட்டுத் திருத்தி எழுதியிருக்கிறேன்.